அயல் மாநிலத்தில் வீடும் அடமானமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தவர், டில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஓய்வு பெறுவதற்குள் சொந்தமாக ஓர் இருப்பிடம் வேண்டும் என்று யமுனைக்குக் கிழக்கே இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்திருந்தார். "ஸார், பட்டாவே கையில் இருக்கிறது. நீங்கள் மொழிபெயர்ப்பாளராயிற்றே, ஒரு தடவை படித்துச் சொன்னால் போதும்" என்றார்.

படித்தேன். அவர் கூறியது பொய்யன்று. காகிதத்தில் 'பட்டா' என்ற சொல் இருக்கத்தான் இருந்தது. ஆனால் ஹிந்தியில் பட்டா என்பது குத்தகைச் சாசனத்தைக் குறிக்கும். நிலத்துக்கு உரியது அரசாங்கம். வீடு ஒதுக்கப் பெற்றவர் நிலவாடகை செலுத்தி நெடுங்காலம் அநுபவிக்கும் உரிமை மட்டும் பெற்றவர். நம் ஊரில் ரெவினியூ இலாகா ஒருவர் பெயரில் நிலத்தைப் பதிந்து தரும் பட்டா வேறு, இது வேறு. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்ததனால் நண்பர் இரவு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்த அன்று அவருடைய தூக்கம் போயிற்று.

தாய்நாட்டை விட்டு வந்து வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு வீடு வாங்குவதில் முதலாவதாக நேரும் இடர் இதுவே. சட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சென்னையிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வழங்குவனவே. மாறுபவை சொற்கள். டில்லியில் கிரயப் பத்திரத்துக்குப் பெயர் 'பைனாமா'. முன்பணத்துக்குப் பெயர் 'பயானா'. இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள்! பயானாவுக்குக் கொடுத்த ரசீதைப் பைனாமா என்று எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவரையும் நான் கண்டதுண்டு. கல்கத்தாவில் பத்திரத்தைத் 'தலீல்' என்பர். 'பர்ச்சா' என்பது நில உரிமைப் பதிவேட்டின் நகல். பெங்களூரில் 'காத்தா' என்று பெருமையாகக் காட்டுவார்கள். அது நகராட்சி வரி விதிப்பதற்காக வைத்திருக்கும் கணக்கில் உள்ள பதிவேயன்றி உடைமைச் சாசனம் அன்று. மராட்டிய நாட்டில் 'ஸாத்பாரா' என்பது கிராமக் கணக்கின் ஏழாம், பன்னிரண்டாம் படிவங்களின் நகல். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இவற்றுள் எதுவும் ஒருவருடைய வீட்டை மற்றொருவருக்கு உரிமையாக்காது.

உரிமையாக்குவது ஒன்றே ஒன்று. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தையோ வீட்டையோ விற்பதானால், பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் மூலமே விற்கவேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-வது பிரிவு. அந்த நூறு ரூபாய்க்கு இன்று கதவின் கீல்கூட வராது. எனினும் விதி விதிதான். வீடு எந்தப் பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் உள்ளதோ அங்கேயே, பத்திரத்தில் கையெழுத்திட்ட நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குக் கொடுக்கவேண்டும்.

நண்பரின் கட்டில் இந்தக் கிரயப் பத்திரம்தான் இல்லை. பின் என்ன இருந்தது? பொது அதிகாரப் பத்திரம் ஒன்று, விற்பனை ஒப்பந்தம் ஒன்று, உயில் ஒன்று, பணம் பெற்றுக்கொண்ட ரசீது ஒன்று. இந்த நான்கையும் சேர்த்துக் கொடுத்து வீட்டை விற்பது டில்லியில் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. குத்தகை நிலத்தில் உள்ள வீட்டை முறைப்படி விற்கவேண்டுமானால் அரசாங்கத்தின் அனுமதி பெறவேண்டும். நிலத்தின் மதிப்பு உயர்ந்ததில் ஒரு பெரும் பங்கை அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டும். முத்திரைத் தீர்வையும் உண்டு. இவற்றைத் தவிர்க்க விரும்பியவர்கள் விற்பனை என்ற பெயரே இல்லாமல் விற்றார்கள். 'உமக்கு அதிகாரம் கொடுக்கிறேன், நான் இறந்தபின் வீடு உமக்கே என்று உயிலும் எழுதுகிறேன்' என்பது அதன் வடிவம். இப்படி ஒரே வீடு மூன்று கை, நான்கு கை மாறியிருக்கும்.

இதில் உள்ள அபாயத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். உயில் என்பது எழுதியவர் உயிரோடு உள்ளவரை எப்போதும் மாற்றத்தக்கது. அதிகாரப் பத்திரமோ, பொதுவாக, கொடுத்தவர் இறந்த அன்றே தானும் இறந்துவிடும். முதலில் வீட்டைப் பெற்றவர் எங்கோ காலமாகிவிட்டால், அவருடைய வாரிசுகள் வாசலில் வந்து நிற்கலாம். 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தெளிவாகவே தீர்ப்பளித்தது: அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்தாலும் அது விற்பனையாகாது, உடைமை கைமாறாது. டில்லியின் அங்கீகாரம் பெறாத குடியிருப்புகளில் வாழ்வோருக்கு மட்டும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தகைய காகிதங்களை ஆதாரமாகக் கொண்டு உரிமை வழங்க வழி செய்தது. அது அக்குடியிருப்புகளுக்கான தனி ஏற்பாடு, எங்கும் பொருந்துவதன்று.

தரகர்கள் இங்கே ஒரு சாமர்த்தியம் செய்வார்கள். "ரெஜிஸ்ட்ரி ஆகியிருக்கிறது" என்பார்கள். ஆகித்தான் இருக்கும், பதிவானது அதிகாரப் பத்திரம்! ஆகவே, பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது போதாது. பதிவானது எது என்று கேட்கவேண்டும்.

நண்பரின் நல்ல காலம், அவர் கொடுத்திருந்தது முன்பணம் மட்டுமே; விற்பவரும் நேர்மையான மனிதர். டில்லி வளர்ச்சி ஆணையத்தின் குத்தகை வீடுகளை முழு உடைமையாக மாற்றிக்கொள்ளும் திட்டம் ஒன்று 1992-லிருந்து உண்டு. அதிகாரப் பத்திரத்தின் வழியாகப் பழைய நாளில் வாங்கியவர்களும் கூடுதல் கட்டணம் செலுத்தி அதன்படி விண்ணப்பிக்க இடம் இருந்தது. 'முதலில் வீட்டை உங்கள் பெயருக்கு முழு உடைமையாக்கிக்கொள்ளுங்கள். பிறகு எனக்குக் கிரயம் செய்யுங்கள்' என்று நண்பர் கேட்டார். பதினான்கு மாதங்கள் ஆயின. அதுவரை எந்த வங்கியும் அவருக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அப்போது அவருக்கு வங்கிகளின்மேல் கோபம், இப்போது இல்லை.

இனி அடமானத்துக்கு வருவோம். இது பலருக்கும் புதிராக உள்ள பகுதி. வீட்டுக் கடன் என்றதும், பெரியதோர் ஈட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான வங்கிகள் அவ்வாறு செய்வதில்லை. மூலப் பத்திரங்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன, அவ்வளவே. கடனுக்கு ஈடாக என்ற கருத்தோடு பத்திரங்களை ஒப்படைத்தால் அதுவே சட்டப்படி அடமானம். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று வணிக நகரங்களின் பெயரைச் சட்டமே குறிப்பிட்டு இம்முறையை அங்கே அனுமதித்தது. மற்ற ஊர்களுக்கு மாநில அரசாங்கம் அறிவிக்கை செய்யவேண்டும். வீடு எங்கும் இருக்கலாம். பத்திரங்களை ஒப்படைக்கும் ஊர்தான் அறிவிக்கப்பட்டதாக இருக்கவேண்டும்.

கடன் வாங்குபவருக்கு எளிதான இந்த முறை, வீடு வாங்குபவருக்குக் கண்ணியாகிவிடக்கூடும். எழுத்தே இல்லாமல் உண்டாகும் அடமானம் பதிவேட்டில் ஏறாது. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் இவ்வாறு பத்திரம் ஒப்படைப்பது பற்றிய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும் என்றாயிற்று. ஆதலால் வில்லங்கச் சான்றில் அது தென்படும். நம்மவர் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். எல்லா மாநிலங்களிலும் இவ்வாறு இல்லை. வில்லங்கம் இல்லை என்று சான்று வந்திருக்கும். மூலப் பத்திரமோ ஏதோ ஒரு வங்கியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். விற்பவர் காட்டுவது நகல். "அசல் ஊரில் இருக்கிறது, தம்பி வீட்டில் இருக்கிறது" என்பவை பழைய பல்லவிகள். அசலைக் கண்ணால் காணாமல் முன்பணமும் கொடுக்கலாகாது. இது தவிர, வங்கிகள் பெறும் ஈடுகளைப் பதிவதற்கென்று 2011-லிருந்து மத்தியப் பதிவகம் ஒன்று இயங்கி வருகிறது. சிறு கட்டணம் செலுத்தி யாரும் அதில் தேடிப் பார்க்கலாம். தனியார் வட்டிக்கடைகளில் ஒப்படைத்த பத்திரங்களை அது காட்டும் என்று நம்பவேண்டாம்.

மத்திய அரசு ஊழியர்கள் வீடு கட்டவோ வாங்கவோ அரசாங்கத்திடமே முன்பணம் பெறுகிறார்கள் அல்லவா? அப்போது எழுதும் ஈட்டுப் பத்திரத்தில் ஈடு பெறுபவர் யார் தெரியுமா? இந்தியக் குடியரசுத் தலைவர்! முதன்முறை அந்தப் பத்திரத்தை மொழிபெயர்த்தபோது எனக்குச் சிறிது கூச்சமாகவே இருந்தது.

தவணை தவறினால் என்ன ஆகும் என்று கேட்பதற்கு நம்மவர் அஞ்சுகிறார்கள். கேட்டு அறிந்துகொண்டால் அச்சம் குறையும். தொண்ணூறு நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக் கடனாகக் கருதப்படும். பிறகு 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி அறுபது நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பவேண்டும். அதற்குக் கடன்காரர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், பதினைந்து நாட்களுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாகவேண்டும். அறுபது நாட்கள் கடந்து வங்கி வீட்டைக் கைப்பற்ற முனைந்தால், அந்நடவடிக்கையிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாடலாம். ஏல அறிவிப்பு வெளியாகும்வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை உண்டு; 2016-க்கு முன் இந்த வாய்ப்பு இன்னும் சற்று நீண்டிருந்தது. ஆனால் இந்த நாட்களெல்லாம் அறிவிப்பு நம் கைக்குக் கிடைத்தால் அல்லவா பயன்படும்? அது கடன் பத்திரத்தில் கண்ட விலாசத்துக்குப் போகும். டில்லியிலிருந்து கௌஹாத்திக்கு மாற்றலாகிப் போனவர், பால்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் சொல்லிவிட்டுப் போவார், வங்கிக்குச் சொல்லமாட்டார். புதிய விலாசத்தை எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் வெளியூர்த் தமிழர்களிடையே சகஜம். சட்டம் ஜாமீன்தாரரையும் கடன்காரரையும் வேறு வேறாகப் பார்ப்பதில்லை. கடன்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உம்மிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை.

கடன் தீர்ந்தபின் பத்திரங்களைத் திரும்பப் பெறுவதில் முன்பு பலர் அலைந்தார்கள். 2023-ல் ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து, கடன் முழுவதும் அடைபட்ட முப்பது நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால், கடன் கொடுத்த நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் ஈடு செய்யவேண்டும். பத்திரம் கைக்கு வந்தவுடன், மத்தியப் பதிவகத்தில் உள்ள ஈட்டுப் பதிவும் நீக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். பிற்காலத்தில் விற்க முற்படும்போது அந்தப் பழைய பதிவு தலை தூக்கும்.

இங்கே வீடு வாங்கும் பணத்துக்காக ஊரில் உள்ள பங்கை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் உள்ள சொத்தை விற்பதற்கு நீங்களே போகவேண்டும் என்பதில்லை. உங்கள் சார்பில் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவுக்குக் கொடுக்கத் தம்பிக்கோ மைத்துனருக்கோ அதிகாரம் எழுதித் தரலாம். மேலே நான் குறை கூறியது, விற்பனைக்குப் பதிலாக அதிகாரப் பத்திரம் கொடுப்பதைத்தான், இது வேறு. ஆனால் அவர் உங்களுக்காகப் பதிவு அலுவலகத்தில் ஆஜராவதற்கு, அப்பத்திரத்தை நீங்கள் குடியிருக்கும் ஊரின் பதிவு அதிகாரி முன்னிலையில் எழுதிக் கொடுத்து, அவருடைய அத்தாட்சி பெறவேண்டும். நோட்டரியின் முத்திரையோடு நிறுத்திக்கொண்டு ஊருக்கு அனுப்பித் திரும்பி வந்தவை பல. வயது முதிர்ந்த தாயாரும் பங்குதாரராக இருந்து நடமாட முடியாதவராயின், விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் பதிவு அதிகாரியே வீட்டுக்கு வருவதற்கும் சட்டம் இடமளிக்கிறது.