உஷார்! ஞானப் பல் எடுத்த அன்று மௌத்வாஷ் பாட்டிலைத் திறக்காதீர்கள்

ஞானப் பல்லைப் பிடுங்கிவிட்டு வீடு திரும்புகிறவர் கையில் ஒரு மருந்துப் பை இருக்கும். வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், கூடவே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மௌத்வாஷ் பாட்டில். வாயெல்லாம் ரத்த வாடை, பிசுபிசுப்பு. மரப்பு தெளிந்ததும் கை முதலில் போவது அந்தப் பாட்டிலுக்குத்தான். "கிருமிநாசினிதானே, நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு, சுத்தமாயிடும்" என்று வீட்டில் யாராவது சொல்லவும் செய்வார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பல் எடுத்த முதல் 24 மணி நேரத்துக்கு அந்தப் பாட்டிலின் மூடியைத் திறக்க வேண்டாம். மருந்து நல்ல மருந்துதான், நேரம்தான் தப்பு.

பல் இருந்த குழியில் ரத்தம் ஊறி நிறையும். டாக்டர் பஞ்சை வைத்து அரை மணி, முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடிக்கச் சொல்வது, அந்த ரத்தம் குழிக்குள்ளேயே உறைய வேண்டும் என்பதற்காக. கருஞ்சிவப்பாக, ஜெல்லி பதத்தில் உட்காரும் அந்தக் கட்டிதான் புண்ணுக்கு மூடி. அதற்கு அடியில் தாடை எலும்பும் நரம்பு நுனிகளும் இருக்கின்றன. புதுத் திசு அந்தக் கட்டியைப் பற்றிக்கொண்டுதான் வளர்ந்து குழியை அடைக்க வேண்டும். முதல் நாளில் அது குழியோடு உறுதியாக ஒட்டியிருக்காது. ஒரு வாய் திரவத்தை ஊற்றி, கன்னத்தை உப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குலுக்கிக் காறித் துப்பினால் கட்டி கையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வெறும் தண்ணீரும் இதைச் செய்யும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறார்களே இளநீர், அந்த உறிஞ்சலும் செய்யும். டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம், தப்பில்லை. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இழுக்கும் வேகம் ஒரு பக்கம் என்றால், நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது இன்னொரு பக்கம்.

கட்டி போய்விட்டால் எலும்பு வெளியே தெரியும். பல் மருத்துவர்கள் இதை ட்ரை சாக்கெட் என்பார்கள். பொதுவாகப் பல் எடுப்பவர்களில் 100க்கு 1 முதல் 5 பேருக்கு வருகிறது. கீழ்த் தாடை ஞானப் பல் என்றால் 30 பேர் வரைக்கும்கூட வரலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

இந்த வலியின் போக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் வலி குறைந்துகொண்டே வருகிற மாதிரி இருக்கும். சரியாகிவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில், மூன்றாம் நாள் வாக்கில், திடுமென ஏறும். காதுக்குள் குத்தும், பொட்டில் தெறிக்கும், அந்தப் பக்கத் தலையே விண்விண்ணென்று இருக்கும். மாத்திரை போட்டும் அடங்காது, ராத்திரி படுக்க முடியாது. வாயில் ஒரு கெட்ட வாடையும் சேர்ந்துகொள்ளும். இங்கேதான் பலர் இன்னொரு குழியில் விழுகிறார்கள். வாடை அடிக்கிறதே என்று பாட்டிலை எடுத்து முன்னைவிட ஆவேசமாகக் கொப்பளிக்கிறார்கள். திறந்து கிடக்கும் எலும்பை வீட்டுக் கொப்பளிப்பால் ஆற்ற முடியாது. டாக்டர் குழியைக் கழுவி, மருந்து வைத்து அடைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி இறங்கும். ஆகவே போக வேண்டியது கிளினிக்குக்கு.

இரண்டாம் நாளிலிருந்து கதை வேறு. டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின், 0.2 சதவீதம். முறையாகப் பயன்படுத்தினால் ட்ரை சாக்கெட் வரும் வாய்ப்பைக் குறைக்கிற மருந்து அது என்று ஆய்வுகளே சொல்கின்றன. முறை என்பது இவ்வளவுதான்: மூடியில் 10 மில்லி அளந்து வாயில் விட்டு, தலையை மெல்லச் சாய்த்து, மருந்தைப் புண் பக்கம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தேங்க விடுங்கள். பிறகு வாஷ்பேசின் மேல் குனிந்து வாயைத் திறங்கள், தானாக வழிந்து விழட்டும். துப்பாதீர்கள், விழுங்காதீர்கள். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. இந்த மருந்து வாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு 12 மணி நேரம் வரை வேலை செய்யும், அதனால் ஐந்தாறு தடவை ஊற்றுவதில் பயனே இல்லை. டூத்பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இதன் வீரியத்தைக் கெடுத்துவிடும், எனவே பல் தேய்த்தபின் அரை மணி நேரம் விட்டு ஊற்றுங்கள். இடையில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு அதே மாதிரி மெதுவாக. உப்புத் தண்ணீரும் இரண்டாம் நாளிலிருந்துதான். உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி.

குளோர்ஹெக்சிடினால் பல்லில் பழுப்புக் கறை படியலாம், கொஞ்ச நாளைக்கு ருசி சரியாகத் தெரியாமல் போகலாம். கறையைக் கிளீனிங்கில் எடுத்துவிடலாம், பயப்பட வேண்டாம். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் மட்டும் நீட்டாதீர்கள்.

பயப்பட வேண்டியது பாட்டில் மாறிப்போவதற்கு. அயோடின் மருந்தான பெட்டாடைனில் வாய் கொப்பளிக்கும் வகை 2 சதவீதம். காயத்துக்குப் போடும் பெட்டாடைன் 5 அல்லது 10 சதவீதம். பெயர் ஒன்று, நிறமும் ஏறக்குறைய ஒன்று, அவசரத்தில் அலமாரியில் இருப்பதை எடுத்து வாயில் ஊற்றிவிடுவார்கள். லேபிளில் 'கார்கிள்' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுத் திறங்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த அயோடின் மருந்தை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சாவ்லானிலும் குளோர்ஹெக்சிடின்தானே இருக்கிறது என்று அதை வாயில் விடக் கூடாது, டெட்டாலும் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கி நுரைக்கும் வேகத்தில் கட்டி பெயர்ந்துவிடும். கிராம்பு எண்ணெயை நேராகக் குழியில் விட்டால் திசு வெந்துபோகும்.

இன்னொன்று. மூன்றாம் நாள் செல்போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் குழியின் மேல் வெள்ளையாக ஒரு படலம் தெரியலாம். சீழ் என்று நினைத்துப் பஞ்சாலோ பிரஷ்ஷாலோ சுரண்டுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் புண் ஆறுவதன் அடையாளம், கை வைக்காதீர்கள்.

அரிதானது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். குளோர்ஹெக்சிடின் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். பிரிட்டனில் ட்ரை சாக்கெட்டை இந்த மௌத்வாஷால் கழுவியபோது இரண்டு நோயாளிகள் ஒவ்வாமையில் இறந்தார்கள். 2012இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. இதற்கு முன் ஏதாவது ஆன்டிசெப்டிக் பட்டு உடம்பு தடித்திருந்தால், அரித்திருந்தால், பல் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து பட்டதும் உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இளைத்தாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிப் பிறகு வடிவதுதான் இயல்பு. மூன்றாம் நாளுக்கு மேலும் ஏறினால், காய்ச்சல் அடித்தால், வாயைத் திறக்க முடியாமல் இறுகினால், எந்தக் கிருமிநாசினியும் உதவாது. கீழ் ஞானப் பல்லின் வேர் கழுத்துப் பக்கத் திசுக்களுக்கு மிக அருகில் இருப்பதால் கிருமி கீழே இறங்கித் தாடைக்கு அடியில் பரவிவிடும், மூச்சுக்குழாயையே நெருக்கும். எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, தாடைக்குக் கீழே கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் பல் கிளினிக் திறக்கட்டும் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த ராத்திரியே போய்விடுங்கள்.