எண்ணுதலும் எண்ணமும்

தமிழில் ‘எண்ணு’ என்னும் ஒரே வினைச்சொல் கணக்கிடுவதையும் நினைப்பதையும் குறிக்கிறது. இவ்விரண்டும் பின்னிப் பிணைந்து ஒருவரைச் சிறைப்படுத்தும் நிலையும் உண்டு. மருத்துவர்கள் அதனை ‘ஓசிடி’ என்பர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என வழங்குகிறோம்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்து பார்ப்போம். தேர்வு மண்டபத்தில் முதல் வினாவைப் படிக்கிறாள். ‘அம்மாவுக்கு விபத்து நேர்ந்துவிடும்’ என்ற எண்ணம் அழையாமல் நுழைகிறது. எட்டு வரை எட்டு முறை எண்ணினால் அம்மாவுக்கு ஒன்றும் நேராது என்று தோன்றுகிறது. எண்ணுகிறாள், பதற்றம் சற்றே தணிகிறது. இடையில் ஓர் எண் விடுபட்டதோ என்ற ஐயம் எழ, மீண்டும் தொடங்குகிறாள். நேரம் முடிகையில் விடைத்தாளின் பாதி வெறுமையாக இருக்கிறது. ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு என்கிறார். அவளோ, சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சி வாய்திறப்பதில்லை.

முதலில் நாம் தெளிய வேண்டியது, வந்த எண்ணம் அவளது விருப்பம் அன்று என்பதே. 1978இல் ஸ்டான்லி ராக்மன், பத்மால் டி சில்வா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எண்ணங்கள் நோயற்றவர்களிடமும் பரவலாகத் தோன்றுவதைக் காட்டியது. பெரும்பாலோர் அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகின்றனர். நோயுற்றவரோ அவற்றைப் பேராபத்தின் அறிகுறியாகக் கொள்கிறார்.

எண்ணத்தை விரட்ட முயல்வதும் பயன் தருவதில்லை. 1987இல் டேனியல் வெக்னர் குழுவினர், வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதிருக்குமாறும் நினைவு வந்தால் மணியடிக்குமாறும் மாணவர்களிடம் கூறினர். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது.

அவ்வாறாயின் வழி யாது? 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், அச்சத்தை எதிர்கொள்ளவும் அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாதிருக்கவும் நோயாளிகளைப் பழக்கினார். இன்றைய சிகிச்சைக்கு அதுவே அடித்தளம். எண்ணம் வரட்டும், எண்ணிக்கையை மட்டும் தள்ளிப்போடுவோம். முதலில் ஒரு நிமிடம், பின்னர் ஐந்து. பதற்றம் உயரும், எண்ணாமலேயே தணியவும் செய்யும். பயிற்சிபெற்ற உளவியலாளரின் துணையுடன் இதனைப் படிப்படியாகச் செய்தல் நலம்; தேவைப்படின் மருந்தும் உதவும்.

சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய மனநல ஆய்வின்படி, 28 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகியிருந்தார். நோய் தொடங்கியது முதல் உதவி நாடியது வரை கழிந்த காலத்தின் இடைநிலை அளவு 11 ஆண்டுகள். 14 வயதில் எண்ணத் தொடங்கிய ஒருவர் 25 வயதில்தான் உதவி பெறுகிறார் எனில், அவரது கல்விக் காலத்தின் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடுகிறது.

பலமுறை அழித்தெழுதிய வரிகளையும் ஒரே பக்கத்தில் தங்கிவிடும் கண்களையும் காணும் ஆசிரியர்கள், “உன் நேரம் எதில் போகிறது?” என்று மாணவரைத் தனியே கேட்கலாம். ‘ஒன்றும் ஆகாது’ என்று திரும்பத் திரும்ப உறுதி கூற வேண்டா. அதுவும் மற்றொரு சடங்காகிவிடும். பள்ளி ஆலோசகரிடம் உடன் செல்வது மேல்.

மாணவர்கள் நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. “வேண்டாத எண்ணங்கள் வருகின்றன; எண்ணாமல் இருக்க முடியவில்லை” என்று நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொன்னாலே போதும். உதவி அங்கிருந்து தொடங்கும்.