பூஸ்டர் இருக்கை

பூஸ்டர் இருக்கை அல்லது உயர்த்து இருக்கை என்பது மகிழுந்தில் பயணம் செய்யும் சிறுவரை உயர்த்தி அமர்த்தும் துணை இருக்கை ஆகும். பெரியவர்களின் உடலளவுக்கு அமைக்கப்பட்ட இருக்கைப்பட்டை சிறுவரின் உடலில் சரியான இடங்களில் படிவதற்கு இது உதவுகிறது. சொந்த வார்களால் குழந்தையைப் பிணைத்து வைக்கும் வார்ப்பட்டை இருக்கைக்கு அடுத்த நிலையில், இருக்கைப்பட்டையை மட்டும் அணியும் அளவுக்கு உயரம் எட்டும் வரை இது பயன்படுத்தப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இக்காலம் ஏறத்தாழ 5 வயதில் தொடங்கி 10 முதல் 12 வயது வரை நீடிக்கும்.

வார்ப்பட்டை இருக்கையிலிருந்து பூஸ்டர் இருக்கைக்கு எப்போது மாற்றுவது என்பதைப் பிறந்தநாளை வைத்து முடிவு செய்வது பரவலான வழக்கம். எனினும் குழந்தையின் உயரம், எடை, நிமிர்ந்து அமரும் பழக்கம் ஆகியவையே இதில் வயதைவிட முதன்மையானவை.

இருவகை இருக்கைகளின் வேறுபாடு

முன்னோக்கிய வார்ப்பட்டை இருக்கையில் ஐந்து முனைகளில் வார்கள் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு தோள்களின் மீதும், இரண்டு இடுப்பின் பக்கங்களிலும், ஒன்று கால்களுக்கு இடையிலும் செல்கின்றன. இருக்கையானது மகிழுந்தின் இருக்கைப்பட்டையினாலோ கீழ்ப்புறக் கொக்கிகளாலோ வண்டியுடன் இறுக்கப்படுகிறது. அதன் தலைப்பகுதியை ஒரு மேல்வார் பின்புறமாக இழுத்துப் பிடிக்கிறது. மோதலின்போது எழும் விசை, குழந்தையின் தோள்கள், இடுப்பு ஆகிய வலுவான பகுதிகளில் பகிரப்படுகிறது. குழந்தை தூங்கினாலும் நெளிந்தாலும் வார்கள் இடம் மாறுவதில்லை.

பூஸ்டர் இருக்கை குழந்தையைப் பிடித்து வைப்பதில்லை. அது ஒரு மேடை மட்டுமே. குழந்தையைக் காப்பது மகிழுந்தின் இருக்கைப்பட்டை. அப்பட்டை இடுப்பெலும்பின் மீதும் தோளின் நடுவிலும் செல்லுமாறு செய்வதே பூஸ்டரின் முழுப் பணியாகும். ஆகவே, குழந்தை சாய்ந்தால் அல்லது சரிந்தால் பட்டையும் இடம் மாறிவிடுகிறது. வார்ப்பட்டை இருக்கையில் கருவி செய்த வேலையின் ஒரு பகுதியைப் பூஸ்டரில் குழந்தையே செய்ய வேண்டியுள்ளது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி, உள்ளே இருப்பவரின் உடல் ஏறத்தாழ 0.1 நொடியில் நிறுத்தப்படுவதாகக் கொள்வோம். 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தையை அவ்வாறு நிறுத்தச் சுமார் 2,800 நியூட்டன் விசை தேவை. இது 280 கிலோகிராம் சுமையைத் தாங்குவதற்கு ஒப்பானது. மடியில் வைத்திருக்கும் குழந்தையை எந்தப் பெற்றோராலும் கைகளால் பிடித்து நிறுத்த இயலாது என்பதை இக்கணக்கிலிருந்து அறியலாம். இவ்வளவு விசை உடலின் எந்தப் பகுதியில் இறங்குகிறது என்பதே காயத்தின் தன்மையை முடிவு செய்கிறது.

சிறுவர் உடலும் இருக்கைப்பட்டையும்

வளர்ந்தவர்களின் இடுப்பெலும்பின் முன்புறத்தில் இருபுறமும் முனைப்புகள் உள்ளன. இருக்கைப்பட்டையின் இடுப்புப் பகுதி இவற்றுக்குக் கீழே தங்கி நிற்கிறது. சிறுவர்களிடம் இம்முனைப்புகள் போதிய அளவு வளர்ந்திருப்பதில்லை. மேலும், மகிழுந்தின் பின்னிருக்கை அவர்களின் தொடையைவிட நீளமானது. முதுகை இருக்கையில் ஒட்டி அமர்ந்தால் முழங்காலை மடக்க முடிவதில்லை. எனவே குழந்தை இயல்பாகவே முன்னே சரிந்து அமர்கிறது. அப்போது இடுப்புப்பட்டை மேலேறி, எலும்பின் காப்பு இல்லாத மென்மையான வயிற்றின் மீது அமைந்துவிடுகிறது.

இந்நிலையில் மோதல் நேர்ந்தால் குழந்தையின் உடல் பட்டைக்கு அடியில் நழுவுகிறது. குடல் கிழிதல், உள்ளுறுப்புகளில் குருதிக் கசிவு, கீழ் முதுகெலும்பு முறிவு ஆகியவை ஒன்றாக ஏற்படக்கூடும். இக்காயத் தொகுதி 1962 முதல் மருத்துவ இலக்கியத்தில் இருக்கைப்பட்டையின் பெயராலேயே குறிப்பிடப்பட்டு வருகிறது. வயிற்றின் குறுக்கே பட்டை பதிந்த தழும்பு இதன் முதன்மை அடையாளம். வெளியில் அத்தழும்பு மட்டுமே தெரியும் குழந்தைக்கு உள்ளே கடுமையான காயம் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் இதனை மிகக் கவனமாக நோக்குகின்றனர். இதில் காணப்படும் முதுகெலும்பு முறிவு 'சான்ஸ் முறிவு' எனப்படுகிறது. வாய்ப்பு என்னும் பொருளில் நாம் பேச்சில் வழங்கும் 'சான்ஸ்' என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1948ஆம் ஆண்டில் இம்முறிவை விவரித்த பிரித்தானியக் கதிரியல் மருத்துவர் ஜார்ஜ் குவென்டின் சான்ஸ் என்பவரின் பெயரால் அது அமைந்தது.

பட்டையின் தோள்பகுதியும் சிக்கலானதே. உயரம் குறைந்த குழந்தைக்கு அது கழுத்தில் உரசுகிறது. தொந்தரவு தாங்காமல் குழந்தை அதனை முதுகுக்குப் பின்னாலோ அக்குளுக்குக் கீழோ தள்ளிவிடுகிறது. இதனால் மேலுடல் கட்டின்றிப் போகிறது. தலை முன்னிருக்கையில் மோதும் வாய்ப்பும் மிகுகிறது.

பூஸ்டர் இருக்கை இவ்விரு குறைகளையும் ஒருசேர நீக்குகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 முதல் 8 வயது வரையுள்ள சிறுவர்கள் இருக்கைப்பட்டையை மட்டும் அணிவதைவிடப் பூஸ்டரில் அமர்வது காயமடையும் இடரை 45 விழுக்காடு குறைக்கிறது.

வரலாறு

இன்று வழக்கிலுள்ள மூன்று முனை இருக்கைப்பட்டையைச் சுவீடனின் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அது 1959இல் விற்பனை வண்டிகளில் இடம்பெற்றது. 1960களில் அதே நாட்டின் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகு சாய்ந்து விசையைத் தாங்கும் முறையைக் கண்டு, குழந்தைகளுக்கான பின்னோக்கிய இருக்கையை உருவாக்கினார். 1970களின் பிற்பகுதியில் பூஸ்டர் மெத்தைகள் சுவீடனில் விற்பனைக்கு வந்தன. 1990இல் பின்னிருக்கையோடு இணைந்த மடக்குப் பூஸ்டரை வால்வோ அறிமுகம் செய்தது.

அமெரிக்காவில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி ஆகும். அதன் சட்டம் 1978 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1985க்குள் ஏனைய மாநிலங்களும் சட்டம் இயற்றின. ஆயினும் இச்சட்டங்கள் பெரும்பாலும் மிகச் சிறிய குழந்தைகளை மட்டுமே கருத்திற் கொண்டிருந்தன. 4 வயதைக் கடந்த குழந்தை நேராகப் பெரியவர்களின் பட்டைக்கு மாறுவது சட்டப்படி சரியாகவே இருந்தது.

1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் மகிழுந்து ஒன்று உருண்டு கவிழ்ந்தபோது, பெரியவர்களின் பட்டையை அணிந்திருந்த ஆன்டன் என்ற 4 வயதுச் சிறுவன் வெளியே தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தான். பட்டை மாட்டியபடியே இருந்தது. தாய் சட்டத்தை மீறவில்லை. சட்டம் கேட்டதைச் செய்திருந்தார். அவர் மேற்கொண்ட முயற்சியால் 2000ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலம் பூஸ்டர் இருக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2002 திசம்பரில் 'ஆன்டன் சட்டம்' என்னும் பெயரில் நாடு தழுவிய சட்டமும் ஒப்புதல் பெற்றது. பூஸ்டர்களுக்கான தரவரையறை, 10 வயதுச் சிறுவரைப் போன்ற சோதனைப் பொம்மை, பின்னிருக்கையின் நடுவிடத்துக்கும் தோள்பட்டை ஆகியவற்றுக்கு இச்சட்டம் வழிவகுத்தது.

மாற்றுவதற்கு உரிய நேரம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒவ்வொரு நிலையிலும் அந்த இருக்கை அனுமதிக்கும் உச்ச உயரம் அல்லது எடை எட்டும் வரை குழந்தை அதிலேயே அமர வேண்டும். குழந்தை வளர்ந்துவிட்டது என்பதற்குப் பரிசாக அடுத்த இருக்கை வழங்கப்படுவதில்லை. பழைய இருக்கை இனிப் பொருந்தாது என்பதே மாற்றத்துக்கான காரணம். ஒரு படி மேலேறும்போது ஓரளவு பாதுகாப்பு கைவிடப்படுகிறது என்று இதனைப் புரிந்துகொள்வது பொருத்தமாக இருக்கும்.

வார்ப்பட்டை இருக்கை சிறியதாகிவிட்டதை மூன்று அடையாளங்கள் காட்டும். முன்னோக்கிய இருக்கையில் தோள்வார்கள் தோளின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருந்து வரவேண்டும். மிக உயர்ந்த துளையையும் தோள் கடந்துவிட்டால் இருக்கையின் பயன் முடிந்தது. காதின் மேல்நுனி இருக்கை ஓட்டின் உச்சியை எட்டுவது இரண்டாவது அடையாளம். மூன்றாவது எடை. பழைய இருக்கைகள் பல 18 கிலோகிராம் வரையே தாங்கின; இன்று 29 கிலோகிராம் வரை தாங்குபவை மிகுதி. நடைமுறையில் எடை வரம்புக்கு முன்னரே உயர வரம்பை எட்டும் குழந்தைகளே அதிகம். கீழ்ப்புறக் கொக்கிகளுக்குத் தனி வரம்பு உண்டு என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க விதிகளில் குழந்தை, இருக்கை ஆகிய இரண்டின் கூட்டு எடை 29.5 கிலோகிராமை மிஞ்சலாகாது. மிஞ்சினால் கொக்கிக்குப் பதிலாக இருக்கைப்பட்டையால் இருக்கையைக் கட்ட வேண்டும். இவ்வரம்பைக் கண்டு, வார்ப்பட்டையின் காலமே முடிந்துவிட்டதாகச் சிலர் தவறாகக் கருதுவதுண்டு.

பூஸ்டருக்குக் கீழ்வரம்பும் உண்டு. வட அமெரிக்காவில் விற்கப்படும் பல பூஸ்டர்களுக்கு இது 18 கிலோகிராம், 4 வயது என உள்ளது. இவ்வரம்பைத் தொட்டதும் மாற்றிவிட வேண்டும் என்று பொருளில்லை. 18 கிலோகிராம் எடையுள்ள 4 வயதுக் குழந்தைக்கு வார்ப்பட்டை இருக்கை இன்னும் பொருந்துமாயின், அதில் தொடர்வதே நல்லது.

அளக்க இயலாதது குழந்தையின் பழக்கமே. பயணம் முழுவதும், உறக்கத்திலும்கூட, முதுகை ஒட்டி நேராக அமர்ந்திருக்க வேண்டும். கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனியவோ, பட்டையை விடுவிக்கவோ, பக்கத்தில் உள்ள தம்பியிடம் சாயவோ கூடாது. 4 வயதில் இதனைச் செய்யும் குழந்தைகள் மிகச் சிலரே. 6 வயதிலும் செய்யாதவர்கள் உண்டு. உடன்படிக்கும் தோழர்கள் பூஸ்டரில் வருவதைக் கண்டு குழந்தை தானே கேட்பது இயல்பு. விருப்பமும் ஆயத்தமும் ஒன்றாகா. குழந்தை விழித்திருக்கும் குறுகிய பகற்பயணங்களில் முதலில் பூஸ்டரைப் பழக்கி, நெடிய இரவுப் பயணங்களுக்கு வார்ப்பட்டையையே சில மாதங்கள் வைத்திருப்பது நடைமுறைக்கு உகந்த வழி. வார்களைக் கழற்றிப் பூஸ்டராக மாற்றத்தக்க இணைப்பு இருக்கைகளில் இது எளிதன்று. ஒவ்வொரு முறையும் வார்களை மீண்டும் கோக்க வேண்டியிருக்கும்.

நாடுகளிடையே வேறுபாடுகள்

முன்னோக்கிய வார்ப்பட்டை நிலை எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் பின்பற்றப்படுவதில்லை. சுவீடனில் குழந்தைகள் ஏறத்தாழ 4 வயது வரை பின்னோக்கிய இருக்கையில் அமர்ந்து, பின்னர் நேராகப் பூஸ்டருக்கு மாறுவது வழக்கம். முன்னோக்கிய வார்ப்பட்டையில் உடல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கத் தலை மட்டும் முன்னே வீசப்படுவதால் கழுத்தில் சுமை ஏறுகிறது என்பது அவர்களின் வாதம். அமெரிக்க அணுகுமுறை, இடம் மாறாத வார்களின் நன்மையை முன்வைக்கிறது. இவ்விரு மரபுகளும் முரண்பட்டவையாகத் தோன்றினாலும், இரண்டும் குழந்தை பூஸ்டருக்கு விரைந்து மாறுவதைத் தடுக்கவே செய்கின்றன.

ஐக்கிய இராச்சியத்தில் 2006 செப்டம்பர் முதல் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றுள் எது முன்னர் எட்டப்படுகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2005 செப்டம்பர் முதல் 8 வயதுக்கு உட்பட்ட, 18 முதல் 36 கிலோகிராம் எடையும் 145 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமும் உடைய சிறுவருக்குப் பூஸ்டர் தேவை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயது நிறையாத குழந்தையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் தண்டம் விதிக்க வகை செய்கிறது.

வகைகளும் பயன்பாடும்

முதுகுடைய பூஸ்டர், முதுகற்ற பூஸ்டர் என இருவகை உண்டு. முதுகுடையதில் தோள்பட்டையை வழிப்படுத்தும் வளையமும், தூங்கும்போது தலை சாய்வதற்குப் பக்கத் தடுப்புகளும் உள்ளன. புதிதாகப் பூஸ்டருக்கு மாறும் குழந்தைக்கு இதுவே ஏற்றது. முதுகற்றது எடை குறைந்தது, மலிவானது. தாத்தா பாட்டியின் வண்டிக்கு மாற்றுவதற்கும் எளிது. ஆனால் வண்டியின் தலையணை குழந்தையின் காதளவுக்கேனும் உயர்ந்திருந்தால் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம்.

பூஸ்டரைத் தோள்பட்டையும் இடுப்புப்பட்டையும் சேர்ந்த மூன்று முனைப் பட்டையுடன் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இடுப்புப்பட்டை மட்டும் உள்ள பழைய வண்டிகளில் பூஸ்டரில் அமரும் குழந்தையின் மேலுடலைத் தடுக்க எதுவுமில்லை. அத்தகைய இடத்தில் வார்ப்பட்டை இருக்கையே தகும். குழந்தை இல்லாதபோதும் பூஸ்டரைப் பட்டையால் மாட்டி வைத்தல் வேண்டும். இல்லையேல் மோதலில் அது எறிபொருளாகிவிடும். ஒரு வண்டியில் நன்கு பொருந்தும் பூஸ்டர் வேறொரு வண்டியில் பொருந்தாமலும் போகலாம் என்பதால், வாங்குமுன் குழந்தையைத் தன் வண்டியிலேயே அமர்த்திப் பார்ப்பது நல்லது.

பூஸ்டரை விட்டு நீங்குதல்

உயரம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டரை எட்டும்போது பெரும்பாலான சிறுவர்களுக்கு இருக்கைப்பட்டை சரியாகப் படிகிறது. அமெரிக்காவில் இதனை அறிய ஐந்து படிச் சோதனை ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது. முதுகு இருக்கையில் ஒட்டியிருக்கிறதா, முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிகிறதா, தோள்பட்டை கழுத்துக்கும் கைக்கும் நடுவே செல்கிறதா, இடுப்புப்பட்டை தொடையைத் தொட்டுத் தாழ அமைந்துள்ளதா, பயணம் முழுவதும் அவ்வாறே அமர முடிகிறதா என்பவை அக்கேள்விகள். ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையானால் பூஸ்டர் இன்னும் தேவை. வண்டிக்கு வண்டி இருக்கையின் ஆழம் வேறுபடுவதால், அன்னையின் வண்டியில் பூஸ்டர் தேவைப்படாத 10 வயதுச் சிறுமிக்குத் தந்தையின் வண்டியில் அது தேவைப்படலாம். பூஸ்டரை விட்ட பின்னரும் 13 வயது வரை பின்னிருக்கையிலேயே அமர வேண்டும் எனக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது.