மழையில் விக்கிய அம்பாசிடர்

ஜூன் மாதத்தில் கொல்கத்தாவில் பருவமழை இறங்கியதும் எங்கள் வீட்டு அம்பாசிடருக்கு இருமல் வந்துவிடும். வெயில் நாள்களில் ஒழுங்காக ஓடும் வண்டி, ஈரக்காற்றுப் பட்டால் காலையில் கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் மேம்பாலத்து ஏற்றத்தில் விக்கி விக்கித் தள்ளாடும். 1978-ஆம் ஆண்டின் மார்க் 3 வண்டி அது. தந்தையார் தம் சேமிப்பில் வாங்கியது. அவர் மறைந்த பின்னர், ஓட்டுகிறோமோ இல்லையோ, ஞாயிறுதோறும் அதைத் துடைத்து வைக்க நாங்கள் தவறியதில்லை.

சென்ற ஆண்டு விக்கல் பொறுக்க முடியாத அளவுக்கு முற்றியதால் ஒரு பட்டறையில் விட்டோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், குறை தீரவில்லை. பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், அப்போதும் தீரவில்லை. முடிவில், என்ஜினை இறக்கிப் போர் அடிக்க வேண்டும் என்றும் அதற்கு 45,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். அன்றிரவு, வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் முதன்முறையாக எழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

எங்கள் தெருவில், மஞ்சள் டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். செய்தி அவர் காதுக்கு எட்டியதும், "இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து வையுங்கள், வருகிறேன்" என்றார். மழை விட்ட இரவு அது. என்ஜினை ஓடவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்த்தோம். ஸ்பார்க் பிளக்குகளுக்குச் செல்லும் ஒயர்களின்மீது நீலநிறப் பொறிகள் நூலிழை போல ஊர்ந்தன. ஓரிடத்தில் ஒயரிலிருந்து என்ஜின் உடம்புக்கே பொறி தாவிக்கொண்டிருந்தது. எரிபொருளைக் கொளுத்த வேண்டிய மின்சாரம் வழியிலேயே வடிந்துபோவதை எங்கள் கண்ணாலேயே கண்டோம்.

காரணம் எளியதுதான். பேட்டரி தருவது வெறும் 12 வோல்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் திறக்கும் கணத்தில், இக்னிஷன் காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. சுழலும் ரோட்டார் அந்த மின்னழுத்தத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து அனுப்புகிறது. அதைச் சுமந்து செல்வது இந்த ஒயர்களே. ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும், என்ஜினின் மேல்மூடியிலிருந்து கசியும் எண்ணெயிலும் கிடந்தால் ஒயரின் மேலுறை இறுகி, மயிரிழை போல வெடித்துவிடுகிறது. காய்ந்த வெடிப்பு பெரிய தொல்லை தருவதில்லை. அதில் ஈரம் படிந்தால் மின்சாரத்துக்குக் குறுக்குவழி கிடைத்துவிடும். ஏற்றத்தில் மட்டும் விக்கியதற்கும் விடை இதில்தான் இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கில் பொறி தாவ முன்னிலும் அதிக வோல்ட் வேண்டும். அத்தனை வோல்ட் ஏறுவதற்குள் அது வெடிப்பின் வழியே வெளியேறிவிடுகிறது. பட்டறைக்காரர்கள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது இதைத்தான். அறிகுறி பெட்ரோல் குறைபாட்டைப் போலவே இருப்பதால் பழி முதலில் கார்புரேட்டரின்மீது விழுகிறது.

அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் உத்தரபாடா ஆலையில் நின்றுபோனது. ஆயினும் இதன் உதிரிப்பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. மல்லிக் பஜாரில் அரைமணி நேரம் அலைந்து ஒயர் செட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், நான்கு பிளக்குகள் ஆகியவற்றை வாங்கினோம். எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் அடங்கியது.

மாற்றுவதில் ஒரு விதியைப் பெரியவர் எங்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். பேட்டரி இணைப்பை நீக்கி, என்ஜின் நன்கு ஆறிய பின், ஒரு நேரத்தில் ஓர் ஒயரை மட்டுமே கழற்ற வேண்டும். பழையதன் அருகில் புதியதை வைத்து நீளத்தை ஒப்பிட்டு, அதே இடத்தில் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டால் வரிசை குழம்பும். இந்த என்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. ரோட்டார் சுழல்வது இடஞ்சுழியாக. ஒயரை இழுத்துக் கழற்றுவதும் கூடாது; அதன் முனையில் உள்ள ரப்பர் உறையைப் பிடித்து, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். அழகுக்காக எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவைக்கும் பழக்கமும் நல்லதன்று. 3-ஆம் சிலிண்டரை அடுத்து 4-ஆம் சிலிண்டர் எரிவதால், அவ்விரண்டின் ஒயர்களும் நெடுந்தூரம் ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் பொறி மற்றொன்றைத் தூண்டிவிடக்கூடும். சற்றே இடைவெளி விட்டு அமைத்தோம்.

கழற்றிய ஒயர்களை மல்டிமீட்டரில் சோதித்தபோது இன்னொரு உண்மை வெளிப்பட்டது. எங்களுடையவை செம்புக்கம்பி அல்ல, கரிப்பூச்சு இழை கொண்டவை. ரேடியோவில் இரைச்சல் எழாதிருக்க இவற்றையே பலரும் பயன்படுத்துகின்றனர். அவற்றின் மின்தடை சில ஆயிரம் ஓம் காட்டுவது இயல்பு. 2-ஆம் சிலிண்டரின் ஒயரோ எதுவுமே காட்டவில்லை. உள்ளிழை அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் நான்கில் அதுவே புதியது போலப் பளபளத்தது! கண்ணை மட்டும் நம்பாமல் மீட்டரையும் வைத்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

பிளக்குகள் வேறொரு கதை சொல்லின. மூன்றின் முனை வெளிர்பழுப்பாக இருந்தது. அது நலத்தின் அடையாளம். 2-ஆவது மட்டும் கரி படிந்து ஈரமாக இருந்தது. புதிய பிளக்குகளின் இடைவெளியை 0.64 மில்லிமீட்டருக்கும், பாயின்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கும் பீலர் கேஜ் கொண்டு சரிசெய்தோம். பாயின்ட் தேயத் தேய இடைவெளி மாறும், அதோடு டைமிங்கும் விலகும். ஆகவே ஆண்டுக்கு இருமுறையேனும் அதைப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழை போன்ற கரிக்கோடு ஏதும் ஓடுகிறதா என்று பார்க்கவும் தவறுவதில்லை. கோடு தென்பட்டால் சுரண்டிப் பயனில்லை, மூடியையே மாற்றிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது இந்த ஒயர்களைக் கையால் தொடுவது பேராபத்து. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பானெட் திறந்த வண்டியின் அருகிலும் வரலாகாது. இருட்டில் பார்க்கும் சோதனையைத் திறந்த வெளியில், பெட்ரோல் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எட்ட நின்றே செய்ய வேண்டும்.

வேலை முடிந்தபோது மீண்டும் தூறல் பிடித்துக்கொண்டது. அம்மா பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். ஹூக்ளியின் மேலுள்ள வித்யாசாகர் சேதுவின் ஏற்றத்தில், மூன்றாம் கியரில், வண்டி ஒருமுறைகூட விக்கவில்லை. பழைய ஒயர்களில் மீட்டர் சோதனையில் தேறிய இரண்டைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறோம். வழியில் எங்கேனும் நின்றுவிட்டால் வீடு வந்துசேர உதவும்.