தகவல் துளி: புண்ணுக்கு மருந்து, ஈரமும் தூய்மையும்

தீர்த்தமலைக் கோயில் படிகளில் வெறுங்காலோடு ஏறுகிறோம். கல் தடுக்கி விரலில் காயம் பட்டால் என்ன செய்கிறோம்? காப்பித்தூள், சாம்பல், மஞ்சள் என்று கையில் கிடைப்பதைத் தூவுகிறோம். அது தவறு.

காயப் பராமரிப்பைச் செயல்திட்டமாக எடுத்திருக்கும் நர்சிங் மாணவிகளே, காயத்தைச் சரியாகக் கவனிக்க உங்கள் முதலுதவிப் பெட்டியில் இவை இருக்கட்டும்: கிருமி நீக்கிய காஸ் துணி, கட்டுத்துணி, பிளாஸ்திரி, கையுறை, கத்தரிக்கோல், காயம் கழுவ சலைன். சலைன் என்பது ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு கலந்த கிருமியற்ற கரைசல். புண்ணை அளக்க ஒரு அளவுகோலும் தேவை. நீளம், அகலம், ஆழம், நிறம், நாற்றம், கசிவு ஆகியவற்றை ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் தேதியோடு எழுதி வையுங்கள். புண் ஆறுகிறதா என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

"காற்றுப் பட்டுக் காய்ந்தால்தான் புண் ஆறும்" என்பது பழைய நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களை ஆராய்ந்தார். மூடி ஈரப்பதம் காத்த காயத்தில் புதுத்தோல் விரைவாக வளர்ந்ததைக் கண்டார். இன்றைய கட்டு முறைகளுக்கு அதுவே அடித்தளம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: காயத்தை ஓடும் சுத்தமான நீரில் கழுவுங்கள், சுத்தத் துணியால் மூடுங்கள். நாய் கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளே, காலில் சிறு கீறல் என்றாலும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ரத்தம் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.