சிறிய பொட்டலம் கற்பித்த பாடம்

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு சிறிய பொட்டலம் நினைவிருக்கும். 450 கிராம் பி.டி. விதையுடன், சாதாரணப் பருத்தி விதை 120 கிராமும் தனியே வைத்துக் கொடுக்கப்பட்டு வந்தது. வயலின் ஓரத்தைச் சுற்றி அதை ஊன்ற வேண்டுமென்பது விதி. ஊன்றியவர் சிலர், வரப்பில் எறிந்தவர் பலர்.

விதியின் நோக்கம் யாது? 2002-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணு சேர்க்கப்பட்டுள்ளது. அதனால் காய்ப்புழுவுக்கு நஞ்சாகும் புரதம் செடியிலேயே உண்டாகிறது. ஆயினும் ஒன்றிரண்டு புழுக்கள் அந்நஞ்சைத் தாங்கிப் பிழைக்கும். ஓரச் செடியில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் அவற்றோடு கூடினால், சந்ததியிற் பெரும்பாலானவை நஞ்சுக்கு மடியும். ஓரச் செடி இல்லையேல், நஞ்சைத் தாங்கும் இனமே பெருகும். அவ்வாறே நேர்ந்தது. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகைப் பி.டி. பருத்தியை வென்றுவிட்டதென அறிவிக்கப்பட்டது. 2006-இல் வந்த இரண்டாம் வகையும் பின்னர் அதே கதியை அடைந்தது. ஓரப் பயிர் இன்மை அதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஒருவர் எறிந்த பொட்டலத்தின் நஷ்டம் அவரோடு நிற்கவில்லை. அண்டை வயலிலும் காய் கெட்டது. கறை படிந்த பஞ்சு நூலையும் கெடுக்கும். எனினும், எறிந்தவரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. காரணத்தை அவருக்கு எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? இரு விதைகளையும் ஒரே பையில் கலந்து விற்கும் முறை பின்னரே வகுக்கப்பட்டது. அதற்குள் புழு முந்திக்கொண்டது.

இதை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. மரபணு மாற்றிய உயிர்களைப் பற்றிய விதிகள் 1989-இல் ஏற்பட்டன. பிற உயிரின் மரபணு எஞ்சாதவாறு, பயிரின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்த செடிகளுக்கு, அவற்றுள் 7 முதல் 11 வரையுள்ள விதிகளிலிருந்து மத்திய அரசாங்கம் 2022 மார்ச் 30-இல் விலக்களித்தது. 2025 மே மாதத்தில் அத்தகைய இரு நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, நமக்குப் பழக்கமான பி.பி.டி. 5204 நெல்லைத் திருத்தியமைத்தது.

இவ்வேறுபாடு அறிவுக்குப் பொருந்துவதே. இரு வகைக்கும் ஒரே அளவுகோல் வேண்டியதில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாடு குறையுமாயின், விதைக் கடையில் தெளிவு கூட வேண்டும். திருத்தத்தின் தன்மை விதைப் பையில் தமிழில் அச்சிடப்படல் வேண்டும். விளைந்ததில் விதை எடுத்துவைத்து மீண்டும் விதைக்கும் உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவருக்கு அளித்துள்ளது; திருத்திய நெல்லிலும் அது குன்றலாகாது.

சங்கங்கள் தம் மகாசபைக் கூட்டங்களில் இதனை ஆலோசித்து, தீர்மானமாக அரசாங்கத்துக்கு அனுப்புதல் நலம். ரசீது இல்லாத விதையை எவரும் வாங்கலாகாது. அது பொய்த்தால் முறையிட ஆதாரம் இராது. வயலில் இறங்குவோரின் அனுபவம் விதி எழுதுவோருக்கு எட்டாவிடில், அடுத்த பொட்டலமும் வரப்பிலேயே கிடக்கும்.