லாரியில் இருக்கும் நான்கு எண்கள்

மலைக்கு எரு ஏற்றிவரும் லாரிக்கு நாம் 'லோடு' கணக்கில்தான் காசு கொடுக்கிறோம். ஒரு லோடு எத்தனை டன் என்று கேட்டால், "பன்னெண்டு டன்னு வண்டியிலயே போட்டிருக்குதுங்களே" என்று 1210-ஐக் காட்டும் புரோக்கர்கள் உண்டு. எண்ணைப் படிக்கத் தெரிந்தவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது.

பழைய டாடா லாரிகளில் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை. சரக்கு மட்டுமல்ல, வண்டி, பாடி, டீசல், டிரைவர் எல்லாம் அதில் அடக்கம். கடைசி இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால், ஏறத்தாழ எஞ்சினின் குதிரைத்திறன். 1210 என்றால் 12 டன், 100 குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், 130. 2515 என்றால் 25 டன், 150. இது மெர்சிடிஸ் பென்ஸ் வழக்கம். 1954-இல் டாடா அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. 1969-இல் கூட்டு முடிந்தது, எண் தங்கிவிட்டது. எழுத்திலும் ஜெர்மன் வாசம் உண்டு: எஸ்.கே., எல்.பி.கே. இரண்டிலும் உள்ள 'கே', கிப்பர், அதாவது நம்ம டிப்பர்.

எண்ணூர் லேலண்டுக்காரர்கள் முதலில் காமெட், பீவர், ஹிப்போ என்று பேர்தான் வைத்தார்கள். பிறகு டாரஸ் 2516 மாதிரி எண்ணும் சேர்ந்தது. நம்ம பக்கம் எந்தக் கம்பெனி பத்துச் சக்கர வண்டியும் 'டாரஸ்'தானே!

இப்போது கணக்குக்கு வருவோம். 1613-இல் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் சரக்குக்கு ஒன்பது, பத்து டன்தான் மிஞ்சும். 1210-இல் இன்னும் குறைவு. எண்ணும் தோராயம்தான், பின்னாளில் வந்த 407-களின் மொத்த எடை நான்கு டன்னைத் தாண்டும். சரியான அளவு ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது: ஏற்றிய எடையில் வெற்று எடையைக் கழியுங்கள், தீர்ந்தது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் நமக்கு இந்த எண் இன்னொன்றும் சொல்லும். 1613-இல் டன்னுக்கு எட்டுக் குதிரைத்திறன், 2515-இல் ஆறுதான். பெரிய வண்டி முக்கி முக்கித்தான் ஏறும். இறங்கும்போது சங்கதி வேறு. சோளக்காட்டில் பலாவும் அன்னாசியும் ஏற்றும்போது, "இன்னும் ரெண்டு டன் போடுப்பா" என்கிறோம். பிரேக் செய்திருப்பது அந்த முதல் இரண்டு இலக்கத்துக்கு. மேலே போடும் இரண்டு டன் வளைவுக்கு வளைவு பிரேக்கைச் சூடாக்கும். வாடகை மிச்சம் பார்த்து டிரைவர் உயிரை வைத்து விளையாடக் கூடாது.

எருவுக்கு, அடிவாரத்திலேயே எடைமேடைச் சீட்டு கேளுங்கள், வெற்று எடை, ஏற்றிய எடை இரண்டும். ஈர எருவில் பாதிக் காசு தண்ணீருக்குப் போகும். அப்போது 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் பேசுவது மேல். நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.